ஜெராக்ஸ் கடைக்கு ஆதாரை எதில் அனுப்புவது?

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில், லேமினேஷன் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். பிரின்ட் வேண்டுமென்றால் அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டு நிற்க வேண்டும். போன மாதம் அப்பாவின் ஆதாரையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் பிரின்ட் எடுக்கப் போயிருந்தேன். கடையில் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாட்ஸ்அப்ல போட்டு விடுங்கண்ணா" என்றார்.

அந்தத் திரை என் பக்கமும் திரும்பியிருந்தது. இடப்பக்கம் பெயர் சேமிக்காத எண்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிடிஎஃப். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பூட்டு உண்டு, தெரியும்தானே? பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அதன் பாஸ்வேர்டு. அனுப்பியவர்கள் எல்லோரும் அடுத்த மெசேஜிலேயே அந்தப் பாஸ்வேர்டையும் அனுப்பியிருந்தார்கள். அனுப்பாமல் எப்படிப் பிரின்ட் எடுப்பது? அவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோது இன்னும் பார்த்தேன். யாரோ ஒருவரின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஒரு வாடகை ஒப்பந்தம், ஸ்கேன் செய்த பத்திரம், நடுவில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. காலையிலிருந்து நூறு பேர் வரும் கடையில் ஒவ்வொரு ஃபைலையும் தேடிப்பிடித்து அழிக்க யாருக்கு நேரம்?

அன்றைக்கு நானும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு வழிகளைத் தேடிப் பார்த்தேன். ஆப் எதுவும் போடாமல், பிரவுசரிலேயே ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக ஃபைலைத் தள்ளும் தளங்கள் சில வருடங்களாகவே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் தேறியதை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பது யாருடைய மெஷின் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

முதலில் நாம் இப்போது செய்வதைப் பார்ப்போம். கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம். வழியில் யாரும் பார்க்க முடியாதபடி குறியாக்கமும் உண்டு. ஆனால் நம் போன் எண்ணும் ஆவணமும் சேர்ந்தே கடையின் போனில் தங்கிவிடுகின்றன. நம் ஜிமெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ கடைக் கம்ப்யூட்டரில் திறப்பது அதைவிட மோசம். ஒரு பிடிஎஃப்பை மறைக்கப் போய் மொத்த வீட்டையும் திறந்துவைத்த கதை. லாக்அவுட் செய்ய மறந்தால் முடிந்தது. பென்டிரைவ் பழைய நம்பிக்கைக்குரிய ஆள்தான், ஆனால் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

இந்தக் கவலை எனக்கு மட்டும் வந்ததல்ல. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே, ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அறிவிப்பு விட்டது. ஊரே பதறியதும், இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவிப்பு போய்விட்டது, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அப்படியேதான் இருக்கிறது. கடைசி நாலு எண்ணை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று உண்டு. கேட்கும் இடத்தில் அது போதுமென்றால் அதையே பிரின்ட் எடுங்கள். வேறெந்தத் தொழில்நுட்பத்தையும்விட அது பெரிய பாதுகாப்பு.

தரகர் வேலை

பிரவுசர் வழியாக நேரடியாக அனுப்புவது எப்படி நடக்கிறது? கல்யாணத் தரகர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளும் ஒரே தளத்தைத் திறக்கின்றன. தளத்தின் சர்வர் இவருடைய முகவரியை அவருக்கும் அவருடையதை இவருக்கும் சொல்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பிரவுசர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, ஃபைல் தரகர் வீட்டுக்குப் போவதில்லை. இதற்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் வெப்ஆர்டிசி. பிரவுசரிலேயே வீடியோ கால் பேசுவது இதனால்தான். கூகுள் 2011-ல் இதைத் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பார்த்து எடுத்துக்கொள்ளும்படி, வெளியிட்டது, 2021 ஜனவரியில் முறையான இணையத் தரமாக ஆனது. இதில் குறியாக்கத்தை அணைத்துவைக்கும் வசதியே கிடையாது. போகிற எல்லாம் பூட்டப்பட்டுத்தான் போகும்.

இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் ஃபைல் வீட்டு ரூட்டரைத் தாண்டுவதே இல்லை. பக்கத்தைத் திறக்க மட்டும் இன்டர்நெட் வேண்டும், அதற்கப்புறம் டேட்டா செலவாகாது. 1 ஜிபி வீடியோ, வைஃபை உண்மையில் 40 எம்பிபிஎஸ் வேகம் கொடுக்கிறது என்று வைத்தால், மூன்றரை நிமிடத்துக்குள் போய்விடும். அதே வீடியோவை கிளவுடில் ஏற்றி இறக்கினால் இரண்டு தடவை இன்டர்நெட்டைத் தொட வேண்டியிருக்கும்.

வெவ்வேறு நெட்வொர்க்கில் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். நம் மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் வெளியே தெரியும் ஒரே முகவரி எண்ணுக்கு, பின்னால் அடைத்துவைத்திருக்கின்றன. வெளியிலிருந்து வருபவருக்கு எந்தக் கதவு நம்முடையது என்று தெரியாது. நேர் வழி கிடைக்காதபோது நடுவில் ஒரு சர்வர் ஃபைலை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும். அப்போதும் பூட்டு பூட்டாகவே இருக்கும், நடுவில் இருப்பவரால் திறக்க முடியாது. ஆனால் வேகம் குறையும், டேட்டாவும் செலவாகும். ‘நேரடி’ என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பல இதைச் சின்ன எழுத்தில்கூடச் சொல்வதில்லை.

பேர்ட்ராப்

நான் பார்த்ததில் அடிக்கடி கை போவது பேர்ட்ராப் (PairDrop) என்ற தளத்துக்குத்தான். லாகின் கிடையாது. பேர்ட்ராப் டாட் நெட் என்று இரண்டு கருவிகளிலும் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு விலங்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிடும். எதிரில் தெரியும் வட்டத்தைத் தொட்டு, ஃபைலைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பக்கம் ‘ஏற்கவா?’ என்று கேட்கும். அவ்வளவுதான். ஃபைல் மட்டுமில்லை, ஒரு வரி எழுத்தையும் அனுப்பலாம். நீளமான வைஃபை பாஸ்வேர்டைப் போனிலிருந்து லேப்டாப்புக்குக் கொண்டுபோக நான் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

பக்கத்தில் இருக்கும் கருவிகளை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது அறையை அளப்பதில்லை. ஒரே பொது ஐபியிலிருந்து யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களை ஒரு கூட்டமாகச் சேர்க்கிறது. வீட்டு வைஃபையில் இது சரியாக வரும். மொபைல் டேட்டாவில் திறந்தால், அதே பொது ஐபியைப் பகிரும் முன்பின் தெரியாத ஒருவரின் கருவி உங்கள் பட்டியலில் வந்து நிற்கலாம். ஹேக்கிங் எல்லாம் இல்லை, நெட்வொர்க்கின் கட்டமைப்பு அப்படி. ஆனால் அவசரத்தில் தப்பான விலங்கைத் தொட்டுவிட்டால் அப்பாவின் ஆதார் அந்நியருக்குப் போக வழி உண்டு. தலைகீழாகவும் நடக்கும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு போன்கள், வேறு வேறு ஐபி முகவரியோடு போய் நின்றால், ஒன்றுக்கொன்று தெரியாமல் போகும்.

அதனால் கடைக்கு இந்தத் தானியங்கிப் பட்டியல் வேண்டாம். தற்காலிக அறை என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்தால் ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று வரும், அந்தக் குறியீட்டைக் கடைக் கம்ப்யூட்டரிலும் அடித்தால் இரண்டும் ஒரே அறையில் சந்திக்கும். நீங்கள் மொபைல் டேட்டாவில், கடை பிராட்பேண்டில் என்றாலும் வேலை செய்யும். உங்கள் சொந்தக் கருவிகளுக்கு ஆறு இலக்க எண்ணாலோ கியூஆர் கோடாலோ ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால், அடுத்த தடவை எந்த நெட்வொர்க்கில் இருந்தாலும் தானாகத் தெரியும்.

இப்போது தரகர் நேர்மையானவரா என்ற கேள்விக்கு வருவோம். இதைப் பலரும் கேட்பதில்லை. பேர்ட்ராப்புக்கு முன்னோடி ஸ்னாப்ட்ராப். பேர்ட்ராப் அதன் மூலநிரலிலிருந்துதான் பிரிந்து வளர்ந்தது. ஸ்னாப்ட்ராப்பை லைம்வயர் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது, அதே மாதிரியான ஷேர்ட்ராப்பும் பிறகு அதனிடமே போனது. லைம்வயர் என்றதும் பழைய ஆட்களுக்கு, பாட்டு இறக்கித் தள்ளிய அந்தக் காலம் ஞாபகம் வரும். அது 2010-ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. பெயரை மட்டும் வாங்கி 2022-ல் வேறு ஆட்கள் வேறு தொழில் தொடங்கினார்கள். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதல்ல என் பேச்சு. நீங்கள் புக்மார்க் செய்துவைத்த முகவரி ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போகலாம், போனது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

ஆப்புக்கும் பிரவுசருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. ஆப்பை ஒரு தடவை இறக்கிவிட்டால், அப்டேட் வரும்வரை அதே நிரல்தான் ஓடும். தளமோ ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதிதாக நிரலை அனுப்புகிறது. இன்றைக்கு ஒழுங்காக இருந்தது நாளைக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தளத்தை நடத்துபவரின் நாணயம் மட்டுமே. தரகர் நினைத்தால் இரண்டு வீட்டாருக்கும் நடுவில் தானே உட்கார்ந்துகொண்டு, இவருக்கு அவராகவும் அவருக்கு இவராகவும் நடிக்கவும் முடியும். இதைப் பிடிக்கத்தான் பேர்ட்ராப் ஒவ்வொரு இணைப்புக்கும் கருவியின் பெயருக்கடியில் ஒரு பாதுகாப்பு எண்ணைக் காட்டுகிறது. இரண்டு திரையிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் ஆள் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டுவதும் அதே தளம் அனுப்பிய நிரல்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேஜிக் வார்ம்ஹோல் என்ற மென்பொருள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருக்கிறது. ஒரு எண்ணும் இரண்டு சாதாரண ஆங்கிலச் சொற்களும் சேர்ந்த குறியீட்டைப் போனில் சொன்னால் போதும், அந்தச் சொற்களிலிருந்தே இரு பக்கமும் சாவியை உருவாக்கிக்கொள்ளும், தரகர் ஏமாற்ற அநேகமாக வழியில்லை. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவர்களுக்கானது என்பதுதான் குறை. ஜெராக்ஸ் கடைக்கு ஆகாது.

சொந்த மெஷின்களுக்கு நடுவே

என் போன், என் லேப்டாப், வீட்டில் இருப்பவர்களின் போன் என்றால் பிரவுசரை விட்டுவிட்டு ஆப்புக்குப் போய்விடுவேன். பிரவுசர் டேபுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. திரை அணைந்தால் அதுவும் தூங்கிவிடும். ஒரு தளத்தில் 3 ஜிபி வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு போன் கால் வந்தது, பேசிவிட்டுத் திரும்பினால் 61 சதவீதத்தில் நின்றிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னொன்று, பல தளங்கள் ஃபைல் முழுவதும் வந்து சேரும்வரை பிரவுசரின் நினைவகத்திலேயே அடுக்கிவைக்கின்றன. ஐபோனில், ரேம் குறைந்த ஆண்ட்ராய்டில், பெரிய ஃபைல் வந்தால் டேப் அப்படியே விழுந்துவிடும். சில நூறு எம்பிக்கு மேல் போனால் நான் பிரவுசரை நம்புவதில்லை.

ஒருகாலத்தில் இதற்கு எல்லோரும் ஷேர்இட், ஜெண்டர் (Xender) என்று ஆப்கள் வைத்திருந்தோம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் இரண்டும் போய்விட்டன. விளம்பரத்துக்கு நடுவில் ‘அனுப்பு’ பட்டனைத் தேட வேண்டியிருந்த அந்த ஆப்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. இப்போது ஆண்ட்ராய்டுக்குள் குவிக் ஷேரும் ஆப்பிளுக்குள் ஏர்ட்ராப்பும் கூடவே வருகின்றன. வீட்டில் எல்லாம் ஒரே வகைக் கருவி என்றால் வேறெதுவும் தேட வேண்டாம், இதிலேயே நின்றுவிடுங்கள். குவிக் ஷேருக்கு விண்டோஸ் ஆப்பும் உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு ஐபோன், இரண்டு ஆண்ட்ராய்டு, ஒரு லினக்ஸ் லேப்டாப் என்று கலவை. அதற்கு லோக்கல்சென்ட். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் இல்லை, எல்லா வகைக் கருவிக்கும் கிடைக்கும். முக்கியமாக, இன்டர்நெட்டே தேவையில்லை. ரூட்டர் ஓடினால் போதும், தரகரே இல்லாத சம்பந்தம். ரூட்டரும் இல்லையென்றால் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றதை அதில் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி விடுதி, ஓட்டல், ஆபீஸ் கெஸ்ட் வைஃபை மாதிரி இடங்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் ரூட்டரிலேயே தடுத்துவைத்திருப்பார்கள். அங்கே லோக்கல்சென்ட் கைவிரித்துவிடும், அப்போதும் இந்த ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும்.

ஆனால் ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் போய், "இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணும்மா" என்று சொல்ல முடியுமா? பிரவுசர் வழி ஜெயிப்பது அங்கேதான்.

வெளியூருக்கு என்றால்

தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்குப் பத்திரத்தின் ஸ்கேன் அனுப்ப வேண்டும். ஃபைல்பிட்சா, டாஃபிஷேர் மாதிரியான தளங்கள் ஒரு இணைப்பைக் கொடுக்கும். அதை அனுப்பினால் அவன் நம் பிரவுசரிலிருந்தே நேராக இறக்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், அவன் இறக்கி முடிக்கும்வரை நம் டேப் திறந்திருக்க வேண்டும். நமக்கு ராத்திரி பதினொன்று, அவன் மீட்டிங்கில் இருப்பான். நான் தூங்கப் போன பிறகு அவன் இணைப்பைத் தட்டினால் ஒன்றும் வராது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க முடியாத இடத்தில் நேரடி வழி தப்பான தேர்வு. ‘கிளவுட் வேண்டாம்’ என்று பிடிவாதமாக இரண்டு நாள் வீணடித்துவிட்டுத்தான் நான் இதை ஒப்புக்கொண்டேன்.

அங்கே வேண்டியது, பூட்டிவைத்துச் சாவியை நம்மிடமே விடும் கிடங்கு. மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் அப்படித்தான் இருந்தது. 2019 மார்ச்சில் வந்தது. கெட்ட மென்பொருள் அனுப்புபவர்கள் அதில் குடியேறிவிட்டதால் 2020 ஜூலையில் நிறுத்திவைத்து, செப்டம்பரில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நான் வைத்திருப்பது வார்ம்ஹோல் டாட் ஆப். மேலே சொன்ன மேஜிக் வார்ம்ஹோலுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. 5 ஜிபி வரை பிரவுசரிலேயே பூட்டி சர்வரில் 24 மணி நேரம் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். 5 முதல் 10 ஜிபி வரை என்றால் நேரடியாக அனுப்பும், அப்போது டேப்பைத் திறந்தே வைக்க வேண்டும். சாவி எங்கே இருக்கிறது தெரியுமா? இணைப்பில் ‘ஹேஷ்’ (#) குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகளில். அந்தப் பகுதியைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதில்லை. அதனால் கிடங்குக்காரருக்கு உள்ளே என்னவென்று தெரியாது. ஆனால் முழு இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறந்துவிடலாம். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் தம்பிக்குத் தனியாக அனுப்புங்கள்.

திரும்பவும் கடை

சரி, கடையில் என்ன ஆனது? போன வாரம் அம்மாவின் ஆதாரோடு போனேன். அந்தப் பெண்ணிடம் கேட்டு, குரோமில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, பேர்ட்ராப்பில் ஒரு தற்காலிக அறையைத் தொடங்கி, ஐந்து எழுத்தை என் போனில் அடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே பாதுகாப்பு எண்ணா என்று ஒரு பார்வை. பாஸ்வேர்டை முன்கூட்டியே நீக்கிய பிரதியை அனுப்பினேன், இரண்டு வினாடி ஆகியிருக்கும். என் எண் கடைக்குப் போகவில்லை, பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஃபைல் போய் விழுந்த இடம் அதே டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான். இன்காக்னிட்டோ விண்டோவை மூடினால் வரலாறு போகும், இறக்கிய ஃபைல் போகாது. நேரடி வழி பாதுகாப்பது பாதையை மட்டும், போய்ச் சேரும் வீட்டை அல்ல. பிரின்ட் வந்ததும், "ஒரு நிமிஷம்மா" என்று மவுஸை வாங்கி, ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அடித்தேன். ரீசைக்கிள் பின்னுக்கே போகாமல் போய்விட்டது. மேலாக எட்டிப் பார்ப்பவருக்கு இது போதும், ஹார்ட் டிஸ்க்கைக் கிண்டி எடுப்பவருக்குப் போதாது.

"இதுக்கு இவ்ளோ வேலையாண்ணா?" என்று அந்தப் பெண் சிரித்தார். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "தங்கச்சி, நான் வாட்ஸ்அப்லயே போட்டுட்டேன், பாரு" என்றார். திரையின் ஓரத்தில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. அதற்குக் கீழேயே, பெரிய எழுத்தில், பாஸ்வேர்டு.